மகளின் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு

கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள் என் மகள். கரும்பலகை தெரியாமல், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதியிருக்கிறாள். எனக்கே தெரியாது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழு வந்த அன்றுதான் தெரிந்தது. பிறப்பு முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள், காசு இல்லை.

அன்று நல்ல மூடுபனி. டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் வைத்தார். கீழ் இமையை இழுத்து ரத்தசோகை பார்த்தார். அப்புறம் ஒரு கண்ணை மூடச் சொல்லி, 6 மீட்டர் தள்ளியிருந்த அட்டையைப் படிக்கச் சொன்னார். என் மகள் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாள். “இது உன் தப்பில்லை கண்ணு” என்றாராம். அந்த வார்த்தைக்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

குறை ஒன்று: குழு வருவதைப் பள்ளியில் முன்னாடியே சொல்லவில்லை. தெரிந்திருந்தால் தேயிலை பறிக்கும் வேலைக்கு லீவு போட்டு நானும் போயிருப்பேன்.

கண்ணாடியும் இலவசமாகவே வந்தது. இப்போது முதல் பெஞ்சை விட்டுத் தோழியோடு மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள்.