காட்பாடியில் வாடகைக்கு எடுத்த மின்சார சைக்கிள்

காட்பாடியிலிருந்து வேலூர் கோட்டை வரை போய்வர மின்சார சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். சீட்டு, பிரேக், டயர் எல்லாம் சரி. தொல்லை மோட்டாரில்தான். சிக்னலில் நின்று கிளம்பினால், பெடலின் முதல் அரைச் சுற்றுக்கு மோட்டாரிடமிருந்து ஒன்றுமே இல்லை. அப்புறம் யாரோ முதுகில் தள்ளியது போல ஒரு பாய்ச்சல். முன்னால் ஷேர் ஆட்டோ நின்றிருந்தது, நெஞ்சு பதறிவிட்டது. பாலாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று அடித்தபோதோ இரண்டு முறை மோட்டார் அடங்கிப்போனது.

இதில் இருப்பது பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. மிதிக்கும் விசையை அளக்கும் டார்க் (torque) சென்சார் உள்ள வண்டியில், காலின் அழுத்தத்துக்கு ஏற்ப மோட்டாரின் உதவி கூடும், குறையும்.

திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன். "எல்லா வண்டியும் அப்படித்தாண்ணா" என்றார் கடைத்தம்பி. எனக்கு அது பதிலாகப் படவில்லை. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளும் எடுத்துப் போவார்களே!

வாடகைக்கு எடுப்பவர்கள் மோட்டார் உதவியின் அளவை 1-இல் வையுங்கள். கிளம்பும்போது பிரேக்கில் விரல் இருக்கட்டும். பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கைப் பிடித்ததும் மோட்டார் நின்றுவிடும். பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கடைவாசலில் சோதித்துப் பாருங்கள்.