நுவரெலியாவில் வீடு மாற்றிக் கொடுக்கிறார்கள்: அட்வான்ஸ் போடுமுன் இதை வாசியுங்கள்

படத்தில் காட்டியது கிரகரி வாவி தெரியும் மூன்று அறை பங்களா. கொடுத்தது டவுனிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளி, தேயிலைச் சரிவுக்கு அடியில் இருந்த இரண்டு அறை வீடு. மட்டக்களப்பிலிருந்து வந்த பழைய ஏ.எல். பட்ச் (ஒன்றாகப் படித்த நண்பர்கள்) ஒன்றுக்கு நடந்தது இது. பன்னிரண்டு பேர், இரண்டு இரவு, மொத்தம் 90,000 ரூபா. தலைக்கு 7,500 போட்டுச் சேர்த்த காசு. பாதியை முகநூல் பக்கத்தில் கிடைத்த நம்பர்காரரின் சொந்தக் கணக்குக்கு முன்கூட்டியே போட்டுவிட்டார்கள்.

பிபிலை, பதுளை, வெலிமடை என்று ஏறி, சீதா எலியவைத் தாண்டி டவுனுக்குள் வரும்போது இரவு எட்டரை. சொன்ன இடத்தில் ஓர் இளைஞர் மோட்டர் சைக்கிளோடு நின்றார். "அண்ணே, அந்த வீட்டுல தண்ணி மோட்டர் பழுதாப் போச்சு. இதுவும் நம்ம வீடுதான், அதவிட நல்லா இருக்கும், பின்னால வாங்க." போய்ச் சேர்ந்ததும் மிச்சம் 45,000-ஐயும் வைத்தால்தான் வாச்சர் கதவைத் திறப்பார் என்றார்கள். வெளியே குளிர், வேனில் தூங்கி வழியும் பிள்ளைகள். கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை அந்த நம்பர் இவர்களை பிளொக் பண்ணியிருந்தது.

மோட்டர் பழுது என்பது கதை. இந்த வேலையைச் செய்கிற புரோக்கருக்குச் சொந்தமாக ஒரு வீடும் கிடையாது. நாலைந்து வீட்டுக்காரரோடு கமிஷன் பேசி வைத்திருப்பார். அதில் அழகான ஒரு வீட்டின் படத்தை மட்டும் எல்லோருக்கும் அனுப்புவார். ஒரே சனிக்கிழமைக்கு அதே படத்தைக் காட்டி மூன்று குழுவிடம் அட்வான்ஸ் வாங்கி, கூட விலை கொடுத்தவருக்கு அந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை எங்கே இடம் இருக்கிறதோ அங்கே தள்ளிவிடுவார். போயாவோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதியிலும் ஏப்ரல் சீசனிலும் இது அதிகம், ஏனென்றால் அப்போது கோபித்துக்கொண்டு போனாலும் உங்களுக்கு வேறு ரூம் கிடைக்காது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் இருட்டிய பிறகே வந்து சேர்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே கூடுமானால் பின்னேரம் நாலு மணிக்குள் வந்து சேரும்படி கிளம்புங்கள். பகல் வெளிச்சத்தில் இந்த ஏமாற்று பாதிக்குப் பாதி எடுபடாது.

அட்வான்ஸ் போடுமுன் செய்ய வேண்டியது ஒரு வீடியோ கோல். படமோ, அவர் ஏற்கனவே எடுத்து வைத்த வீடியோவோ போதாது. பகலில் கோல் எடுத்து, கேட்டிலிருந்து நடந்து வீட்டுக்குள் போகச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து வாவியைக் காட்டச் சொல்லுங்கள், சுடுதண்ணிக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். "இப்ப அங்க ஆளில்ல, நாளைக்கு" என்று இரண்டு தரம் சொன்னால் விட்டுவிடுங்கள். அனுப்பும் லொக்கேஷன் டவுன் நடுவைக் காட்டுகிறதா, வீட்டையே காட்டுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வேன் கேட் வரைக்கும் வருமா என்றும் கேளுங்கள். செங்குத்தான ஒழுங்கைக்கு மேலே இருக்கிற வீடுகள் பல, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டி வரும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்த இடமென்றால் பதிவு இலக்கத்தைத் தயங்காமல் தருவார்கள்.

பணத்தில் இரண்டு விஷயம். கணக்கின் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். "அது மச்சானுடைய கணக்கு" என்றால் போடவேண்டாம். ஒன்லைனில் வேறு வங்கிக்குப் போடும் காசு உடனே போய்ச் சேர்ந்துவிடும், பெற்றவர் சம்மதமில்லாமல் திருப்பி எடுப்பது மிகக் கஷ்டம். கால் பங்குக்கு மேல் முற்பணம் கொடுக்காதீர்கள். மிச்சத்தை, உள்ளே போய் எல்லா அறையையும் பார்த்த பிறகு கொடுப்பதாக வட்ஸ்அப்பில் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். திகதி, அறை எத்தனை, கட்டில் எத்தனை, பாத்ரூம் எத்தனை, மொத்தத் தொகை எவ்வளவு, வேறு வீடு தந்தால் முழுப்பணமும் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதே மெசேஜில் இருக்கட்டும். ஹோட்டல் என்றால் சொன்ன விலையில் வரி அடங்குமா என்று கேளுங்கள். 30,000 என்று சொன்ன அறைக்கு 10 வீத சேவைக் கட்டணமும் அதன்மேல் 18 வீத வற் வரியும் ஏறினால் 38,940 ஆகிவிடும். பில்லில் வற் பதிவு இலக்கம் இல்லாவிட்டால் வற் வரி கேட்க அவர்களுக்கு உரிமையில்லை.

சுடுதண்ணியைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் மனம் நொந்து போவது இதில்தான். "ஹொட் வோட்டர் இருக்கு" என்ற சொல்லில் பொய் இருக்காது, ஆனால் என்ன வகை என்று சொல்லமாட்டார்கள். சுவரில் மாட்டும் 3.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் கொழும்பில் நன்றாக வேலை செய்யும். அங்கே குழாய்த் தண்ணீர் 27 பாகையில் வருகிறது, 38-க்கு ஏற்ற 11 பாகை போதும், நிமிடத்துக்கு நாலரை லீற்றர் கிடைக்கும். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் விடியற்காலைத் தண்ணீர் 13 பாகையில் இருந்தால் 25 பாகை ஏற்றவேண்டும், அதே ஹீட்டர் இரண்டு லீற்றர்தான் தரும். ஒரு வாளி நிறைய ஏழு எட்டு நிமிடம். குழாயைக் கூடுதலாகத் திறந்தால் தண்ணீர் சூடேறாமல் வரும். 30 லீற்றர் கீசர் (தண்ணீரைச் சூடாக்கிச் சேர்த்து வைக்கும் தொட்டி) என்றால் இரண்டு பேர் குளிக்கலாம், மறுபடி சூடாக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பன்னிரண்டு பேருக்கு ஒரே கீசர் என்றால் கடைசி ஆள் குளிக்க நாலு மணி நேரத்துக்கு மேல். சோலார் என்றால் மூன்று நாள் மூடுபனியில் சும்மா வெதுவெதுப்புத்தான். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி: கீசரா இன்ஸ்டன்டா, எத்தனை லீற்றர், எத்தனை பாத்ரூமில்?

உள்ளே போனதும் மெத்தையின் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். மேலே புது விரிப்பு இருந்தாலும் ஈரம் அடியில்தான் நிற்கும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தால் அந்த அறையில் ஆஸ்துமாக்காரரைப் படுக்கவைக்காதீர்கள். போர்வையை ஆளுக்கு இரண்டாக எண்ணி வாங்குங்கள். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் ஊர் இது.

போர்வை குறைந்த வீட்டில்தான் வாச்சர் பார்பிகியூ அடுப்புக் கரியை ஒரு தட்டில் போட்டு, "உள்ள வச்சுக்கங்க, கதகதப்பா இருக்கும்" என்று கொண்டுவருவார். நல்ல மனதோடுதான் சொல்வார். தயவுசெய்து வாங்கவேண்டாம். மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் எழும்பவே மாட்டார்கள். புகை வராத கரி என்பதால் ஆபத்து குறையாது. தலை இடித்து வாந்தி வருகிற மாதிரி இருந்தால் உடனே கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

வேன் பிடிக்கும்போது காப்புறுதிச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். தனியார் பாவனைக்கு என்று இருக்கும் வேனை ஹயருக்கு ஓட்டினால், விபத்தின்போது காப்புறுதிக் கம்பெனி கையை விரிக்கலாம். சமதரையில் மட்டும் ஓடிப் பழகிய சாரதி, இறக்கத்தில் மூன்றாம் நாலாம் கியரில் பிரேக்கை மிதித்தபடியே வருவார். எரிந்த வாடை வந்தால் பிரேக் சூடேறி பிடிக்காமல் போகப் போகிறது. அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிடச் சொல்லுங்கள், பிறகு இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லுங்கள். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் ஏழு பேர் இறந்ததை மறக்கவேண்டாம். கூகுள் மேப் குறுக்குவழி காட்டினாலும் இருட்டில் அதில் இறங்காதீர்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு ஜீப் இல்லாமல் போகமுடியாது என்று யாராவது சொன்னால் அதுவும் பொய். பாதை தார் போட்டது, உங்கள் வேனே போகும். டிக்கட் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கவுண்டரில், அச்சிட்ட விலைக்கு. காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றால் போதும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் அங்குள்ள உலக முடிவு (World's End) பள்ளத்தாக்கு விளிம்பில் பெரும்பாலும் மூடுபனி மட்டுமே தெரியும்.

ஏற்கனவே ஏமாந்துவிட்டவர்கள் சண்டை பிடித்து நேரத்தைக் கடத்தாமல், முதலில் உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977-க்கும், சுற்றுலாத் துறையின் 1912-க்கும் அழைக்கலாம். பொலிஸில் கேட்பது காசு போட்ட ஸ்லிப்பையும் பேசிய மெசேஜையும். படத்தையும் விலையையும் அனுப்பியவரே பிறகு அவற்றை உங்கள் போனிலிருந்தும் அழித்துவிட முடியும். அதனால் அட்வான்ஸ் போட்ட அன்றே முழுப் பேச்சையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து பட்ச் குரூப்பில் போட்டுவையுங்கள்.