கையைக் கட்டுவதா, பக்கத்தில் உட்காருவதா?

பினாங்கில் பாட்டியை வார்டில் சேர்த்திருக்கிறீர்கள். இரவில் குழப்பத்தில் மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார். கையைக் கட்டிலோடு கட்டலாமா என்று தாதி கேட்கிறார்.

கட்டினால் குழாய் அப்போதைக்குத் தப்பலாம். ஆனால் பதற்றமும் குழப்பமும் கூடும், தசை தளரும், படுக்கைப்புண் வரலாம். கட்டுவதால் நோயாளி விழுவது குறையும் என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை.

பக்கத்தில் உட்காருவது, வேலைக்குப் போகிறவர்களுக்குக் கஷ்டம்தான். இருந்தாலும் முறை வைத்தாவது உட்காருங்கள் என்றுதான் நான் சொல்வேன். மலாய் புரியாத பாட்டிக்கு, "இது ஆஸ்பத்திரி, நான் இங்கேதான் இருக்கேன்" என்று தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் போட்டுவிடுங்கள். வலிக்கிறதா, சிறுநீர் முட்டுகிறதா என்று கேளுங்கள். பல நேரம் அதுதான் காரணம். அப்புறம், அந்தக் குழாய் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் தினமும் கேளுங்கள்.