குட்டி குவேலின்: ஏரிக்கரையில் பல ஆண்டுகள்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் இருக்கும் புக்கிட் பாத்தோக் நகரப் பூங்காவை அதன் முறையான பெயரைச் சொல்லிக் கேட்டால், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களே ஒரு கணம் யோசிப்பார்கள். ‘லிட்டில் குவேலின்’ என்றால் சிறுபிள்ளையும் கைகாட்டும். பச்சை நிற நீர்ப்பரப்பு, அதன் நடுவிலிருந்து எழும் கரிய பாறைத் திட்டுகள், பின்னால் செங்குத்தாக நிற்கும் குன்று. இந்தக் காட்சி சீனாவின் குவேலின் வட்டார மலைகளை நினைவூட்டுவதால் வந்த பெயர் அது. பூங்காவின் பரப்பு 42 ஹெக்டர் என்றாலும் பெரும்பாலோர் பார்க்க வருவது இந்த ஒரு மூலையைத்தான். இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து, மாலை நடைக்கு இந்தக் கரையையே வழக்கமாக்கிக்கொண்டவன் என்ற முறையில், வர நினைப்பவர்களுக்குச் சில விவரங்களைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது இயற்கையான ஏரி அன்று. இங்கே ஒரு காலத்தில் கல் உடைக்கும் குவாரி இயங்கியது. அது கைவிடப்பட்ட பிறகு பள்ளத்தில் நீர் தேங்கியது. 1984-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது நம் வீவக, பள்ளத்தை மூடி அதன்மேல் சாலை போட எண்ணியிருந்தது. நீரும் பாறையும் பசுமையும் சேர்ந்து தந்த தோற்றத்தைக் கண்ட பின்னரே அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, கல்லால் தடுப்புச் சுவர் எழுப்பி, நடைபாதையும் இருக்கைகளும் விளக்குகளும் அமைத்துப் பூங்காவாக்கினார்கள். குவேலினின் குன்றுகள் சுண்ணாம்புப் பாறையை நீர் பல இலட்சம் ஆண்டுகள் கரைத்ததால் உருவானவை. சீனாவின் 20 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதும் அங்குள்ள லீ ஆற்றங்கரைக் காட்சிதான். கோம்பாக்கில் நாம் பார்ப்பதோ வெடி வைத்தும் உடைத்தும் மனிதன் விட்டுச்சென்ற மிச்சம். எல்லோரும் கருங்கல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும் நிலவியலார் இதற்குக் கோம்பாக் நோரைட் என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் உண்டான, நிறம் அடர்ந்த பாறை அது. பெயர் ஒன்றானாலும் பிறவி வேறு.

எனவே சீனத்துக் குவேலினை மனத்தில் வைத்துக்கொண்டு தீவின் மறுகோடியிலிருந்து கிளம்பி வருகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். கரையோரமாக நடந்து, நான்கு படம் பிடித்து, ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பிப் போகும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நீரில் இறங்க முடியாது. மீன் பிடிப்பதற்கும் தடை. குன்றின் மேல் ஏறி ஏரியைக் கீழே பார்க்கலாம் என்ற எண்ணத்தோடும் வர வேண்டாம், தற்காப்பு அமைச்சின் தலைமையகம் கோம்பாக் குன்றில்தான் இருக்கிறது. எதிர்க்கரையில் நின்று பார்ப்பதுதான் இங்கே உள்ள வேலை, அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரே நாளில் பார்த்து முடிக்கிறவருக்குக் குறையாகத் தெரியும் இதுவே அருகில் குடியிருப்பவருக்கு வசதியாகிவிடுகிறது. திட்டமிட வேண்டாம், தண்ணீர்ப் போத்தலைத் தவிர எதையும் சுமக்க வேண்டாம், வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்கிய கையோடு நேரே வந்து உட்காரலாம்.

தொடர்ந்து வருபவர்களுக்குத்தான் பாறைமுகத்தின் மாற்றங்கள் பிடிபடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில், டிசம்பரை ஒட்டி, மழைநீர் வழிந்த தடங்கள் பாறையில் கன்னங்கரிய கோடுகளாக இறங்கியிருக்கும். சில நாள் வெயில் அடித்தால் அதே இடம் சாம்பல் வெளுப்புக்குத் திரும்பிவிடும். வெடிப்புகளில் பெரணியும் சிறு செடிகளும் வேர்பிடித்து, வெட்டுண்ட பாறையை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக மூடி வருகின்றன. நீரின் நிறமும் ஒரே மாதிரி இருப்பதில்லை: தெளிந்த நாளில் கரும்பச்சை, கனமழைக்கு மறுநாள் கரையோரம் செம்மண் கலந்த பழுப்பு. வெயில் ஏறியதும் தாழ்ந்த கல்லில் ஆமைகள் வரிசையாக ஏறிப் பின்னங்காலை நீட்டிக்கொண்டு கிடக்கும். கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட இந்த ஆமைகள் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டவை. வீட்டில் வளர்க்க ஆசையோடு வாங்கி, உள்ளங்கையளவு இருந்தது தட்டளவு பெருத்ததும் குளங்களில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். பூங்காக்களில் விலங்குகளை விடுவது சட்டப்படி குற்றம். அது புண்ணியமும் இல்லை. ஆமைக்கும் கேடு, குளத்துக்கும் கேடு.

வார இறுதி மாலைகளில் கல்யாணப் படம் எடுப்பவர்களின் கூட்டம் தனி வேடிக்கை. வெள்ளை கவுனைத் தோழி ஒருத்தி பின்னாலிருந்து தூக்கிப் பிடிக்க, உள்ளே மணப்பெண் காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து தெரியும். படக்காரர் குரல் கொடுத்ததும் கவுன் விழுந்து சப்பாத்து மறைந்துவிடும். சுற்றிலும் வீவக புளோக்குகள் சூழ்ந்திருந்தும் கேமராவைச் சற்றே திருப்பினால் கட்டடம் ஒன்றுகூடச் சட்டகத்துக்குள் வராதபடி பாறையும் நீரும் நின்று கொடுக்கின்றன. அமைதி தேடுபவர்கள் அந்த நேரத்தைத் தவிர்த்து, வார நாள் காலையில் ஏழு மணியை ஒட்டி வரலாம். சிங்கப்பூரில் அப்போதுதான் பொழுது விடிகிறது. மெதுநடைக்கு வரும் முதியவர்களைத் தவிர அவ்வளவாக யாரும் இருக்கமாட்டார்கள். சக்கர நாற்காலியில் பெரியவர்களை அழைத்து வருபவர்கள் பாதையில் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை, ஏரியின் முழுத் தோற்றமும் கரையிலேயே கிடைத்துவிடும்.

குறை என்று பார்த்தால் முதலில் கொசுவைச் சொல்ல வேண்டும். அந்தி சாயும் வேளையில் அரைக்கால்சட்டையோடு நெடுநேரம் உட்கார முடியாது. அடுத்தது இடி. பிற்பகலில் வானம் கறுத்து, தூரத்தில் ஒருமுறை உறுமினாலும் போதும், திறந்த கரையை விட்டு உடனே கிளம்பிவிடுவது நல்லது. இந்த ஊர் மின்னலை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வருபவர்களுக்கு இன்னொரு குழப்பமும் நேர்கிறது. இதே வட்டாரத்தில் 1988-இல் திறக்கப்பட்ட புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா வேறு. இந்த நகரப் பூங்கா வேறு. வாடகைக் காரில் ஏறிப் ‘புக்கிட் பாத்தோக் பூங்கா’ என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் எதற்குக் கொண்டுபோய் விடுவார் என்று சொல்ல முடியாது. அங்கேயும் பழைய குவாரிக் குளம் உண்டு, குன்றும் உண்டு. ஆனால் அந்தக் குன்றில் ஏறலாம். உச்சியில், ஜப்பானியர் ஆட்சியில் போர்க் கைதிகளைக் கொண்டு எழுப்பிய நினைவுச் சின்னம் நின்ற இடம் இருக்கிறது. சின்னம் 1945-இல் அழிக்கப்பட்டுவிட்டது, மேலே செல்லும் படிகள் எஞ்சியுள்ளன. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலையும் அங்கிருந்து தொலைவில்லை. தொலைவிலிருந்து வருகிறவர்கள் காலையில் இயற்கைப் பூங்காவில் ஏறி இறங்கி, வெயில் நேரத்தை இப்போது அரும்பொருளகமாக இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் கழித்து, வெயில் தாழ்ந்ததும் குட்டி குவேலினுக்கு வந்தால் ஒரு நாள் சரியாக நிறையும். இதற்கென்றே தனியாகக் கிளம்பி வரச் சொல்லி யாரையும் நான் அழைக்கமாட்டேன். புக்கிட் கோம்பாக் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு மட்டும், வாடகையைக் கணக்கிடும்போது இந்த ஏரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.