ஓடிபி சொல்வதற்கு முன்னால் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்

பண்டிகைத் தள்ளுபடியில் பெரிய ஷோரூமில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி என்று எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஊர் ஊராகக் கிளை, மூன்று மாடி ஏசி, வாசலில் வணக்கம் சொல்ல ஒரு ஆள், இவ்வளவு பெரிய கடைக்காரன் நம்மை ஏமாற்றிவிட்டு எங்கே ஓடிவிடப் போகிறான் என்ற தைரியத்தில்தான் எல்லோரும் அங்கே போகிறோம். ஓட மாட்டார்கள்தான். அங்கேயே நின்றுகொண்டு "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல சார்" என்பார்கள்.

கடை பெயரைப் போடவில்லை. போட்டால் இது அந்த ஒரு கடையின் கதை ஆகிவிடும், பக்கத்துக் கடையில் வாங்கியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

திருச்சியில் அப்படி ஒரு கிளையில் அப்பா அம்மா வீட்டுக்கு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் எடுத்தோம். காட்டிய பையன் நன்றாகவே பேசினான். "பட்ஜெட் என்னண்ணா?" என்று கேட்டான், நேராக ஒரு கம்பெனி வரிசைக்குக் கூட்டிப் போனான், பக்கத்தில் இருந்த வேறு கம்பெனி ஃப்ரிட்ஜைத் தொட்டால்கூட "அதுக்கு சர்வீஸ் சரியில்லண்ணா" என்றான். அவன் சட்டையில் இருந்தது கடையின் பெயர் இல்லை, அந்தக் கம்பெனியின் பெயர். இவர்களை ப்ரமோட்டர் என்பார்கள். சம்பளமும் இன்சென்டிவும் பெரும்பாலும் கம்பெனி தருவது, கடைக்கும் அவனுக்கும் சோறு தண்ணி உறவுகூட இல்லை. "கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் வாரண்டி" என்று அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தப் பத்து வருஷம் கம்ப்ரஸர் என்ற ஒரு பாகத்துக்கு மட்டும், மாற்றும் கூலியும் கேஸ் நிரப்பும் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான். அதை அவன் சொல்லவில்லை, கேட்டால் மட்டும் சொல்வான்.

பில் கவுன்ட்டரில் முதல் கேள்வி மொபைல் நம்பர். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது, டெலிவரிக்கு நம்பர் வேண்டும் என்பதால் நான் அதில் மல்லுக்கட்டவில்லை. கார்டு தேய்த்ததும் பில்லை நாலாக மடித்து, கார்டு ஸ்லிப்பை உள்ளே வைத்து, ஸ்டேப்ளர் அடித்து, ஒரு பளபளப்பான கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. யார் அங்கே நின்று ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிப் படிக்கப் போகிறார்கள்?

வீட்டில் வந்து பிரித்தால் ஃப்ரிட்ஜ் விலைக்குக் கீழே இன்னொரு வரி. நீட்டிப்பு வாரண்டி, 2,999 ரூபாய். யாரும் கேட்கவும் இல்லை, நாங்கள் சரி என்று சொல்லவும் இல்லை. ஃப்ரிட்ஜ் விலையைக் கொஞ்சம் இறக்கிப் போட்டு, இறக்கியதை இந்த வரியில் ஏற்றி, மொத்தத்தை ப்ரமோட்டர் சொன்ன தொகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதனால்தான் கார்டு தேய்க்கும்போது எதுவும் உறுத்தவில்லை. ஃபோன் செய்து கேட்டதற்கு வந்த பதில்: "ஆஃபர் ரேட்டே அதோட சேர்த்துதான் சார், அதை எடுத்தா ஃப்ரிட்ஜ் விலை ஏறிடும்."

சரி, இது பணத்தோடு போச்சு என்று இருந்தால், டெலிவரி வந்தது.

குட்டியானையில் இரண்டு பேர். அம்மா மட்டும்தான் வீட்டில். பெட்டியை ஹாலில் இறக்கி வைத்துவிட்டு, "அம்மா, ஃபோனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றிருக்கிறார்கள். அம்மா, "பிரிச்சுக் காட்டிட்டுப் போங்க தம்பி" என்று கேட்டதற்கு, "நாங்க பிரிக்கக் கூடாதும்மா, நீங்களும் பிரிக்காதீங்க, கம்பெனி ஆள் வந்து பிரிச்சாதான் வாரண்டி" என்று சொல்லிவிட்டு, இன்னும் நாலு வீடு இருக்கிறது என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். அந்த ஓடிபி வந்த மெசேஜை அப்புறம் நான் பார்த்தேன். பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதற்கான உறுதி என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அதாவது, பெட்டியைத் திறக்கக் கூடாது, ஆனால் உள்ளே இருப்பது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டை யோசித்தவன் யாரோ, அவன் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும்.

கம்பெனி டெக்னீஷியன் வந்து பெட்டியைப் பிரித்தார். கீழ்மூலை தெர்மாகோல் நொறுங்கிப் பொடியாகக் கொட்டியது. அந்தப் பக்கம் தகடு உள்வாங்கி, கீழ்க்கதவின் கீல் லேசாக வளைந்திருந்தது. பார்த்தால் பெரிதாகத் தெரியாது. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்து மூடினார். இழுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மேல்பக்கம் அதே மாதிரி வைத்து இழுத்தபோது இறுக்கிப் பிடித்தது. "கீழ கேஸ்கெட், அதான் கதவு ரப்பர், உக்காரல சார். காத்து உள்ள போய்க்கிட்டே இருக்கும், கம்ப்ரஸர் நிக்காம ஓடும், கரண்ட் பில்லு எகிறும்" என்றார். எந்தக் கம்பெனி ஃப்ரிட்ஜ் வந்தாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், நாலு பக்கமும். அவர் ஜாப் ஷீட்டில் 'ட்ரான்சிட் டேமேஜ்', அதாவது வழியில் அடிபட்டது என்று எழுதி, "டீலர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். அந்த ஒரு காகிதம்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

கடைக்குப் போனேன். கஸ்டமர் கேர் மேஜையில் ஒரு பெண், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஓடிபி கொடுத்து டெலிவரி க்ளோஸ் ஆயிடுச்சே சார்" என்றார். டெலிவரி வேறு ஏஜென்சி, கடைக்குச் சம்பந்தமில்லை. கம்பெனி டிஓஏ லெட்டர் கொடுத்தால் மாற்றித் தருவோம் என்றார். டிஓஏ என்றால் வந்தபோதே பழுது என்று கம்பெனி தரும் சான்று. கம்பெனியைக் கேட்டால், அது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான் தருவோம், வழியில் அடிபட்டதற்குத் தர மாட்டோம் என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் புகார் செய்யலாம் என்றார்களே என்று போனால், மனுஷன் இல்லை, தானாகப் பதில் சொல்லும் ஒரு பாட் வந்து எண்ணைத் தேர்வு செய் என்கிறது. ஆர்டர் எங்கே, பில் நகல், புது ஆஃபர், கடை முகவரி. உடைந்து வந்திருக்கிறது என்பதற்கு எண்ணே இல்லை. மேனேஜரைக் கேட்டால் எப்போது போனாலும் மீட்டிங்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதையும் மாற்றும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, திட்டு வாங்குவதற்கென்றே உட்கார வைத்திருக்கிறார்கள். அவராவது உட்கார்ந்திருந்தார். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது, இன்றைக்கும் நீங்கள் போகிற மாடியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாள் முழுக்க நிற்க வைக்கப்பட்டு, வாரண்டி எத்தனை விற்றாய் என்று மட்டும் கேட்கப்படுகிறவர்களிடம் நாம் அக்கறையை எதிர்பார்க்கிறோம்.

வாரண்டி ஏன் இப்படித் தலையில் கட்டப்படுகிறது என்றால், டப்பாவில், அதாவது ஃப்ரிட்ஜ் டிவி என்ற பொருளில், லாபம் குறைவு. ஒரே மாடல் விலையை ஃபோனில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் கடைக்குள்ளே நுழைகிறோம், ஆன்லைனை விட நூறு ரூபாய் கூட என்றாலும் திரும்பிப் போய்விடுவோம். அதனால் காசு வேறு இடத்தில் எடுக்கிறார்கள்: நீட்டிப்பு வாரண்டி, ஸ்டாண்டு, ஸ்டெபிலைசர், லோன் கமிஷன். விற்பவன் கம்பெனி ஆள், கொண்டுவருபவன் ஏஜென்சி ஆள், கடன் கொடுப்பது ஃபைனான்ஸ் கம்பெனி, வாரண்டி தருவது பல நேரம் வேறொரு மூன்றாவது நிறுவனம். கடைக்கு மிச்சம் இருப்பது பில் புத்தகமும் போர்டும்தான். சில நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடும் என்கிற ஆப்களோடு போட்டி போட, கடையிடம் இருக்கும் ஒரே பலம் நேரில் கேட்டுப் பதில் வாங்கலாம் என்பது. அந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்று பெரிய எலக்ட்ரானிக்ஸ் சங்கிலிக் கடை இருந்தது. 2007 மார்ச்சில், சம்பளம் அதிகம் என்று சொல்லி அனுபவமுள்ள ஊழியர்கள் சுமார் 3,400 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். 2008 நவம்பரில் திவால் மனு, 2009இல் எல்லாக் கடைகளும் மூடல். வேறு காரணங்களும் உண்டு, ஆனால் பொருளைப் பற்றித் தெரிந்தவனை அனுப்பிவிட்டால் மக்கள் அங்கே எதற்குப் போவார்கள்?

அப்படிக் கடையே போய்விட்டால் உங்கள் நீட்டிப்பு வாரண்டி என்ன ஆகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அது முதல் வருஷம் கம்பெனி வாரண்டி முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும், அதுவரை வெறும் காகிதம். சென்னையில் 1997இல் ஆரம்பித்த சுபிக்ஷா என்ற மளிகைச் சங்கிலிக் கடை, நாடு முழுக்க 1,600 கடை அளவுக்கு வளர்ந்து, 2009இல் ஊழியருக்குச் சம்பளமும் கட்டடத்துக்கு வாடகையும் கொடுக்க முடியாமல் ஷட்டரை இறக்கியது. 2022இல் பிக் பஜார் கடைகள் பலவும் ரிலையன்ஸ் கைக்குப் போய் போர்டே மாறிவிட்டது. இவ்வளவு பெரிய கடைகளுக்கே இந்தக் கதி என்றால், மூன்று வருஷம் கழித்துச் செய்கிறேன் என்று எழுதித் தருபவனிடம் இன்றைக்கே 2,999 கொடுப்பதற்கு எனக்கு மனசு வராது. வேண்டுமென்றால் வாரண்டி தருவது யார், கடையா, கம்பெனியா, மூன்றாவது ஆளா என்று கேட்டு, விதிமுறைத் தாளைக் கையில் வாங்கிவிட்டுக் காசு கொடுங்கள்.

இடையில் ஒன்று: 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதையும் நம்பிவிடாதீர்கள். வட்டியே இல்லை என்ற திட்டம் என்று ஒன்று இருக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது, வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியாகக் காட்டி, அதையே வட்டியாக வாங்குவது. கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, தவிர ப்ராசசிங் ஃபீஸ். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பாய் என்று கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் உண்மை விலை அப்போதுதான் வெளியே வரும்.

எங்கள் ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன். நேரில் போய்க் கத்துவதில் பயனில்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் எழுத்தில் ஆரம்பித்தேன். பில், ஜாப் ஷீட், நொறுங்கிய தெர்மாகோல் ஃபோட்டோ, பத்து ரூபாய்த் தாள் வழுக்கும் வீடியோ எல்லாம் இணைத்து, கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சல், ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியாதபடி இரண்டு பேர் முகவரியும் போட்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)இன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லை என்றால் 30 நாளைக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. இதை அப்படியே குறிப்பிட்டேன். 'விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டோம்' என்று பில்லுக்கு அடியில் அச்சடித்துவிட்டால் சட்டம் போய்விடாது. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, புகாரை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். கிளையில் யாரிடமும் எடுபடாத விஷயம் தலைமை அலுவலகத்துக்குப் போனதும், இதுவரை பெயரே கேள்விப்படாத ஏரியா மேனேஜர் ஒருவர் ஃபோனில் வந்து, "ஏன் சார் முன்னாடியே என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார் பாருங்கள்!

ஃப்ரிட்ஜ் மாறி வந்தது. இந்த முறை நான் வீட்டில் இருந்தேன், பெட்டியைத் திறந்து தாளை வைத்து இழுத்துப் பார்த்த பிறகுதான் ஓடிபி. பிரித்தால் வாரண்டி போய்விடும் என்ற பேச்சையே காணோம். முன்கூட்டியே கடையிடம் கேட்டு, இறக்கும்போதே பிரித்துக் காட்டுவீர்களா என்பதை மெசேஜில் எழுதி வாங்கியிருந்தேன். முடியாது என்றால் ஓடிபி கொடுக்காதீர்கள், வண்டி திரும்பிப் போகட்டும்.

வாரண்டிப் பணம் 2,999 இன்னும் வரவில்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடப் போகிறேன். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வாங்கிய கடை எந்த ஊரில் இருந்தாலும், தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. பில் வெப்பத்தாளில் அச்சடித்தது, சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், வாங்கிய அன்றே ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.