ஒரே வருஷத்துல லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஆக்குறோம்னு சொன்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

காலேஜ் சேர்ற சீசன் வந்தாச்சு, இன்ஸ்டால மறுபடியும் அதே விளம்பரம் ஓட ஆரம்பிச்சிருச்சு. போன வாரம் எங்க சித்தி பையனே லிங்க் அனுப்பி "அண்ணே இதுல சேரலாமா, நீ இதுதான படிச்ச"னு கேட்டான். அதப் பாத்ததும் ராத்திரி தூக்கமே வரல. அதான் நடந்தத முழுசா எழுதிடுறேன். இன்ஸ்டிட்யூட் பேரு போடல, கேஸ் நடந்துட்டு இருக்கு, வக்கீல் போட வேணாம்னு சொல்லிருக்கார். தயவுசெஞ்சு கமெண்ட்ல பேரு கேக்காதீங்க.

எனக்கு ஊரு நிலக்கோட்டை பக்கம், அப்பா மல்லி போட்டுருக்கார். மதுரைல பி.எஸ்சி பாட்டனி 2022ல முடிச்சேன். செடியும் பிடிக்கும் வரையவும் பிடிக்கும், ரெண்டும் சேர்ந்த வேலை ஒண்ணு, தோட்டம், பூங்கா மாதிரி வெளியிடங்கள வடிவமைக்கிற லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் வேலை, இருக்குன்னு தெரிஞ்சப்ப அவ்ளோ சந்தோஷம். சென்னைல ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட், ஒரு வருஷ டிப்ளமோ, ஃபீஸ் 1,80,000, முடிச்சா நூறு சதவீதம் பிளேஸ்மெண்ட், டெசிக்னேஷன் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். அப்பாவும் நானும் நேர்லயே போனோம். டைரக்டர் அப்பாவ "ஐயா ஐயா"னு உக்கார வச்சு காபி குடுத்து பேசினார். அம்மா வளையல அடகு வச்சுத்தான் முத தவணை கட்டினோம்.

அங்க அப்பா ஒரு கேள்வி கரெக்டா கேட்டார், "சார், ஆர்க்கிடெக்ட்னா அஞ்சு வருஷம்ல படிக்கணும், என் மச்சான் மக படிக்கிறா"னு. அதுக்கு டைரக்டர் லேமினேட் பண்ண ஒரு தாளை எடுத்து காட்டினார், 1972ஆம் வருஷ ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம், பிரிவு 37. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணாதவங்க ஆர்க்கிடெக்ட்ங்கிற பட்டத்த போட்டுக்கக் கூடாதுன்னு சொல்ற பிரிவு அது, ஆனா அதுலயே லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுக்கும் கப்பல் வடிவமைக்கிற நேவல் ஆர்க்கிடெக்டுக்கும் இது பொருந்தாதுன்னு விலக்கு இருக்கு. "பாருங்க ஐயா, கவர்மெண்டே சொல்லிருச்சு, உங்க பையன் தாராளமா போர்டு மாட்டலாம்"னார்.

இதுல பொய் எதுவும் இல்ல, அதுதான் இதுல ஆபத்தே. சட்டத்துல நிஜமாவே அப்படித்தான் இருக்கு, நான் அப்புறம் முழுசா படிச்சுப் பாத்தேன். ஆனா அந்த விலக்குக்கு அர்த்தம் என்னன்னா, இந்தியாவுல லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுனு தனியா லைசன்ஸே இல்ல, யாரு வேணா பேருக்குப் பின்னாடி போட்டுக்கலாம். யாரு வேணா போட்டுக்கலாம்னா அந்தப் பேரைக் காட்டினா மட்டும் யாரு வேலை குடுப்பா? அமெரிக்காவுல எல்லாம் இதுக்குன்னு லாரேனு பரீட்சை இருக்கு, எழுதி பாஸ் பண்ணி அந்தந்த ஸ்டேட்ல லைசன்ஸ் வாங்கணும். இங்க அது இல்லாததால கம்பெனிக்காரங்க டிகிரியத்தான் பாக்குறாங்க, பி.ஆர்க் அஞ்சு வருஷம், அதுக்கு மேல எம்.ஆர்க் லேண்ட்ஸ்கேப் ரெண்டு வருஷம். ஏழு வருஷப் படிப்ப ஒரு வருஷத்துல முடிக்கிற குறுக்கு வழி மாதிரி அந்த ஒரு வரிய எங்ககிட்ட வித்துட்டாங்க.

பிராஸ்பெக்டஸ் அட்டைல ஒரு போட்டோ, நீளமா தண்ணி வாய்க்கால், ரெண்டு பக்கமும் பூப்பாத்தி, பின்னாடி பழைய கல் கட்டடம். கீழ "எங்கள் மாணவர்களின் கைவண்ணம்"னு போட்டிருந்தாங்க. ஆறு மாசம் கழிச்சு எங்க பேட்ச் பொண்ணு ஒருத்தி கூகுள்ல அந்தப் படத்தை போட்டுத் தேடினா. அது டெல்லி சுந்தர் நர்சரி! 2018ல பொதுமக்களுக்குத் திறந்த, கிட்டத்தட்ட 90 ஏக்கர் பூங்கா, ஹுமாயூன் கல்லறை பக்கத்துல இருக்கு, வடிவமைச்சவர் முகமது ஷஹீர், டெல்லி எஸ்.பி.ஏ.ங்கிற ஆர்க்கிடெக்சர் படிப்பு நிறுவனத்துல பல வருஷம் பாடம் எடுத்தவர், 2015ல இறந்துட்டார், திறந்தத பாக்கக்கூட அவர் இல்ல. அந்த மனுஷனோட உழைப்ப இவங்க ஸ்டூடண்ட் வேலைனு அட்டைல போட்டிருக்காங்க. டைரக்டர்கிட்ட கேட்டதுக்கு "டிசைனர் தப்பா போட்டுட்டார்பா"னு முடிச்சுட்டார். அடுத்த வருஷ பிராஸ்பெக்டஸ்லயும் அதே படம்தான்.

கிளாஸ் பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. மூணு மாசம் ஸ்கெட்ச்அப், கொஞ்சம் ஆட்டோகேட், லூமியன்ல வீடியோ எடுக்கிறது, எல்லாம் கம்ப்யூட்டர்ல படம் போடுற சாஃப்ட்வேர்தான். லெவல் எடுக்கிறது (தரையோட ஏத்த இறக்கத்த அளக்கிறது), அந்த மேடு பள்ளத்த கோடா வரையிற கான்டூர், மழைத்தண்ணி எப்படி ஓடும், மண் பரிசோதனை, எந்தப் பொருள் எவ்ளோ வேணும்னு கணக்குப் பட்டியலா பி.ஓ.க்யூ போடுறது எதுவுமே கிடையாது. மீதி எட்டு மாசமும் லைவ் ப்ராஜெக்ட்.

இந்த லைவ் ப்ராஜெக்ட் பத்தித்தான் முக்கியமா சொல்லணும். டைரக்டரே தனியா கார்டன் கான்ட்ராக்ட் எடுக்கிறவர். ஈசிஆர்ல ஒரு வில்லா, நகருக்குள்ள ஒரு அபார்ட்மெண்ட்னு அவர் எடுத்த சைட்டுக்கெல்லாம் நாங்க பதினெட்டு பேரும் போவோம், குழி வெட்டுவோம், செம்மண்ணும் தொழு உரமும் கலப்போம், கொரியன் புல்லு ஒட்டுவோம். சம்பளம் கிடையாது, படிப்பாம். கஸ்டமர்கிட்ட மட்டும் லேபர் சார்ஜ் தனியா பில்லுல வாங்கிருக்கார், அந்த பில்லை நானே பாத்தேன். நாங்க ராத்திரி முழிச்சு வரைஞ்ச டிராயிங்ல அவர் பேரும் சீலும் மட்டும் இருக்கும்.

மண்ணுல எறங்கி வேலை செய்றதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, சின்ன வயசுல இருந்து அப்பாகூட தோட்டத்துல நின்னவன்தான். கோவம் எதுலன்னா, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லித்தராம தப்பான வேலைய செய்ய வச்சாங்க. அபார்ட்மெண்ட்ல பார்க்கிங் மேல இருக்கிற ஸ்லாப்ல தோட்டம். அந்த மாதிரி இடத்துல முதல்ல ஸ்லாப் எவ்ளோ வெயிட் தாங்கும்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட கேக்கணும், ஏன்னா ஒரு அடி உயரத்துக்கு மண்ணு கொட்டினா, அது தண்ணியில நனைஞ்சா ஒரு சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல வரும். அப்புறம் வாட்டர்ப்ரூஃபிங், அதுக்கு மேல வேர் துளைக்காம ஒரு ஷீட், தண்ணி வடிய டிரெய்ன் செல், அது மேல மண்ணு அடைச்சுக்காம துணி மாதிரி ஜியோடெக்ஸ்டைல், அதுக்கு மேலதான் மண்ணே. நாங்க என்ன பண்ணோம்? ஸ்லாப் மேல நேரா செம்மண்ண கொட்டினோம். நவம்பர் மழைல வடிகால் வாய் அடைச்சு புல்லு மேல தண்ணி நின்னுச்சு, பத்து நாள்ல அழுக ஆரம்பிச்சுது, கீழ ஒரு பெரியவர் கார் மேல சுண்ணாம்புத் தண்ணி சொட்டி பெயிண்ட் போச்சு. அவர் எங்களப் பாத்து "ஏம்பா படிச்ச புள்ளைங்கதான நீங்க"னு கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் மனசுல இருக்கு.

ஈசிஆர் வில்லால போர் தண்ணி உப்பு, வாயில வச்சாலே தெரியும். டெஸ்ட் பண்ணாம ஹெலிகோனியா வரிசையா வச்சோம், இலை ஓரமெல்லாம் கருகிருச்சு. கடலோரத்துக்குன்னே நம்மகிட்ட புன்னை இருக்கு, பூவரசு இருக்கு, தரைல படர அடம்பங்கொடி இருக்கு, அதெல்லாம் நர்சரில விலை கம்மி, அதனால கமிஷனும் கம்மி. காம்பவுண்ட் ஓரம் முழுக்க கோனோகார்பஸ்ங்கிற வெளிநாட்டு மரத்த நட்டோம், சீக்கிரம் வளரும் பச்சையா இருக்கும்னு. அதை 2023ல குஜராத் தடை பண்ணிச்சு, 2025ல தமிழ்நாடும் நடக்கூடாதுன்னு சொல்லிருச்சு. அந்த வீட்டுக்காரங்க இப்ப அதைப் பிடுங்க தனியா செலவு பண்ணணும்.

பிளேஸ்மெண்ட் கதை சுருக்கமா சொல்லிடுறேன். 2023 செப்டம்பர்ல எனக்கு வந்த ஆஃபர், ஒரு ஐடி பார்க்ல ஹவுஸ்கீப்பிங் கம்பெனில கார்டன் சூப்பர்வைசர், மாசம் 14,000. வேலை கேவலம்னு சொல்லல, அதுக்கு 1,80,000 கட்டி ஒரு வருஷம் சம்பளமில்லாம உழைக்கணுமாங்கிறதுதான் கேள்வி. பதினெட்டு பேர்ல ஒருத்தருக்கும் டிசைன் ஆபீஸ்ல வேலை கிடைக்கல.

நானா ஒரு லேண்ட்ஸ்கேப் ஆபீசுக்கு போர்ட்ஃபோலியோ தூக்கிட்டுப் போனேன். அங்க இருந்த சீனியர் அக்கா பொறுமையா பாத்தாங்க, முக்கால் மணி நேரம் பேசினாங்க, யாரும் எனக்கு அதுவரைக்கும் அப்படிப் பேசினதில்ல. "தம்பி, படமெல்லாம் நல்லா இருக்கு, ஆனா ஒரு டிராயிங்லயும் லெவலே இல்லயே, மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்?"னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல. அடையாறு பூங்காவ எடுத்துக்கோ, தொல்காப்பியப் பூங்கானு சொல்றாங்கள்ல, 58 ஏக்கர், குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த கழிமுகத்த மீட்டு 2011ல திறந்தாங்க, அங்க முதல் வேலை தண்ணியத் திரும்பக் கொண்டு வர்றது, செடியெல்லாம் அதுக்கப்புறம்தான்னாங்க. இந்தத் தொழில் என்னன்னு எனக்குப் புரிஞ்சதே அன்னைக்குத்தான்.

அவங்க சொன்ன வழி, நான் விசாரிச்சதையும் சேத்து சொல்றேன். ப்ளஸ் டூல இருக்கிறவங்க மேத்ஸ் எடுத்திருந்தா நாட்டாங்கிற நுழைவுத் தேர்வு எழுதி பி.ஆர்க் போங்க, காலேஜுக்கு அனுமதி இருக்கான்னு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் வெப்சைட்லயே லிஸ்ட் இருக்கும், அதுல பேரு இல்லன்னா யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க. அப்புறம் எம்.ஆர்க் லேண்ட்ஸ்கேப், அண்ணா பல்கலைக்கழகத்தோட ஆர்க்கிடெக்சர் ஸ்கூல்லயே இருக்கு, டெல்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கு. தோட்டக்கலை பி.எஸ்சி படிச்சவங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்துல பூச்சாகுபடியும் லேண்ட்ஸ்கேப்பிங்கும் சேர்ந்த எம்.எஸ்சி இருக்கு, செடி, புல்தரை, பராமரிப்பு பக்கம் நல்ல படிப்பு. எங்க சர்டிஃபிகேட்ல ஐசோலா லோகோ வேற போட்டிருந்தாங்க. அது 2003ல ஆரம்பிச்ச லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகளோட சங்கம், லைசன்ஸ் குடுக்கிற அமைப்பே இல்ல. லோகோவப் பாத்து மயங்கிடாதீங்க.

வீட்டுக்குத் தோட்டம் போடுறவங்களுக்கும் ஒண்ணு. டிசைன் ஃப்ரீ, செடி மட்டும் எங்ககிட்ட வாங்குங்கன்னு சொன்னா, அந்த டிசைன் காச செடி விலைல எடுத்துருவாங்க, எந்தச் செடில லாபம் ஜாஸ்தியோ அதுதான் பிளான்ல வரும். டிசைனுக்குத் தனி ஃபீஸ் குடுத்துட்டு, செடி, மண்ணு, லேபருக்கு வேற மூணு இடத்துல கொட்டேஷன் வாங்குங்க. நாங்க வேலை பாத்த அந்த ரெண்டு இடத்துலயும் இப்படி பிரிச்சிருந்தா அவ்ளோ நஷ்டம் வந்திருக்காது.

பணம் விஷயம். முதல்ல 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பண்ணேன், இன்ஸ்டிட்யூட்ல இருந்து பதிலே இல்ல. காலேஜ், யுனிவர்சிட்டி மேல நுகர்வோர் ஆணையம் போறது சிக்கல், ஆனா கோச்சிங் சென்டர் அப்படி இல்லன்னு 2020ல தேசிய ஆணையம் தீர்ப்பு குடுத்திருக்கு, இவங்க எந்த யுனிவர்சிட்டியிலயும் சேராத தனியார் பயிற்சி நிலையம், அதை வச்சுத்தான் எங்க வக்கீல் வாதாடுறார். 5 லட்சம் வரைக்கும் இருக்கிற புகாருக்கு மாவட்ட ஆணையத்துல கட்டணம் கிடையாது. ஆனா பிரச்சன நடந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும், இதை ரொம்பப் பேரு தெரியாம விட்டுடுறாங்க, நானே கடைசி ரெண்டு மாசத்துலதான் போட்டேன். நாலு பேரு சேர்ந்து போட்டிருக்கோம். நோட்டீஸ் போனதும் டைரக்டர் அப்பாவுக்கு போன் பண்ணி 40,000 தர்றேன் வாபஸ் வாங்குங்கன்னார், அப்பா முடியாதுன்னுட்டார்.

எங்க கையில இருக்கிற பலமெல்லாம் அந்த பிராஸ்பெக்டஸ், ஃபீஸ் ரசீது, "நூறு சதவீதம் பிளேஸ்மெண்ட்"னு அவங்க அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ், சைட்ல நாங்க வேலை செஞ்ச தேதி போட்ட போட்டோ, இவ்ளோதான். அந்த இடத்துல படிச்சவங்க யாராவது இதைப் படிச்சா, எந்த பேட்ச்சா இருந்தாலும் சரி, போன் மாத்துறப்ப அந்த சாட்ட அழிச்சிராதீங்க, ரசீது கிழிஞ்சிருந்தாலும் பத்திரமா வைங்க, எனக்கு இன்பாக்ஸ்ல சொல்லுங்க.