பபிள் டீக்குப் பழ ஜெல்லி: கடல்பாசியா, ஜெலட்டினா, கொன்யாக்கா?

மே மாதத்தில் சென்னையில் ஒரு கிளாஸ் ஐஸ் டீ மேசைமேல் எவ்வளவு நேரம் ஜில்லென்று இருக்கும்? எங்கள் வீட்டில் பத்து நிமிடம் தாங்கினால் பெரிது. ஐஸ் கரைந்த பிறகும் அடியில் கிடக்கும் ஜெல்லி துண்டு துண்டாகவே கிடக்க வேண்டும். ஸ்ட்ராவில் சிக்காமல் ஏறி வர வேண்டும். கடித்தால் மாம்பழம் மாம்பழமாகத் தெரிய வேண்டும். டீயின் அடியில் மெல்லுவதற்கு உருண்டையோ ஜெல்லியோ போட்டு அகன்ற ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடிப்பதுதான் பபிள் டீ; அதை வீட்டில் போடத் தொடங்கிய நாளிலிருந்து நான் ஜெல்லியிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். இதைக்கூட எல்லா ஜெல்லியும் தருவதில்லை.

பபிள் டீ 1980-களில் தைவானில் பிறந்தது. தாய்சுங் நகரத்துக் கடை ஒன்றும் தைனான் நகரத்துக் கடை ஒன்றும் "நாங்கள்தான் முதலில் போட்டோம்" என்று நீதிமன்றம் வரை போயின. குடிப்பதற்குள்ளே மெல்லுவதற்கும் ஏதாவது கிடக்க வேண்டும் என்ற ஆசை நமக்கும் புதிதில்லை. மதுரை ஜிகர்தண்டாவின் அடியில் கடல்பாசியோ பாதாம் பிசினோ கிடக்கும். நோன்பு திறக்கும் நேரத்தில் இளநீர் கடல்பாசி வைக்காத வீடுகள் குறைவு. அதனால் ஒப்பீட்டைக் கடல்பாசியிலிருந்தே தொடங்குகிறேன்.

கடல்பாசி, சைனா கிராஸ், அகர் அகர் மூன்றும் ஒன்றுதான். கடையில் அது இரண்டு வடிவில் கிடைக்கும். ஒன்று 10 கிராம் பாக்கெட்டில் வரும் நார். மற்றது பவுடர். பபிள் டீக்கு நான் பவுடரைத்தான் சொல்வேன். நாரை அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு பத்து நிமிடமாவது காய்ச்சினால்தான் முழுதாகக் கரையும். அவசரப்பட்டு இறக்கினால் ஜெல்லிக்குள் கண்ணாடி நூல் மாதிரி இழைகள் நிற்கும், அவை நாக்கில் நன்றாகத் தெரியும். பவுடர் என்றால் பச்சைத் தண்ணீரில் கலக்கி, கொதி வந்ததும் இரண்டு நிமிடம் விட்டால் போதும்.

என் அளவு இது: 300 மி.லி. தண்ணீர், 200 மி.லி. பழச்சாறு, 5 கிராம் பவுடர். எலுமிச்சை, பேஷன் ஃப்ரூட் போன்ற புளிப்புப் பழம் என்றால் 7 கிராம். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அகரின் பிடிமானம் தளர்ந்துவிடும். அதனால் தண்ணீரில் பவுடரை மட்டும் காய்ச்சி, சர்க்கரை போட்டு, அடுப்பை அணைத்த பிறகுதான் பழச்சாற்றை ஊற்ற வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் முதல் தடவை கோட்டை விட்டேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பங்கனபள்ளிக் கூழை அப்படியே காய்ச்சிய அகரில் கொட்டினேன். கரண்டியைச் சுற்றி நொடியில் திரி திரியாகத் திரண்டது, முட்டையைக் கொதிக்கும் ரசத்தில் உடைத்துவிட்ட மாதிரி. அகர் ஏறக்குறைய 35-லிருந்து 40 டிகிரிக்குள் இறுகிவிடும் பொருள். ஜில்லென்ற கூழ் பட்ட இடத்தில் எல்லாம் அது உடனே உறைந்துவிட்டது. அதையெல்லாம் மறுபடி அடுப்பில் வைத்துக் கரைத்தேன். கரைந்தது, ஆனால் மாம்பழ வாசனை பாதிக்கு மேல் போய்விட்டது. இப்போது கூழை வெதுவெதுப்பாக்கிய பிறகே சேர்க்கிறேன்.

இறுகுவது 40 டிகிரிக்குக் கீழே, ஆனால் இறுகிய பின் இளக வேண்டுமென்றால் 85 டிகிரி வேண்டும். அகரின் பெருமை எல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜ் இல்லாமலே தட்டில் உறையும், வெயிலில் கரையாது, சூடான டீயில் போட்டாலும் நிற்கும். இந்தக் குணத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனதும் ஒரு சமையலறைதான். 1881-ல் நுண்ணுயிர் ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே, நுண்ணுயிர் வளர்க்க வைத்த ஜெலட்டின் வெயிலில் உருகி ஓடுவதைப் பார்த்துத் தவித்தார். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே வீட்டில் ஜெல்லி செய்ய அகர் பயன்படுத்துபவர். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒருவரிடம் கற்றுக்கொண்ட முறை அது. "அதைப் போட்டுப் பாருங்களேன்" என்று அவர் சொன்ன யோசனைதான் இன்று உலகத்தின் எல்லா ஆய்வகத் தட்டுகளிலும் இருக்கிறது. ஜெலட்டினா அகரா என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

குறையும் உண்டு. அகர் ஜெல்லிக்கு இழுவை கிடையாது. பல் பட்டதும் படக்கென்று உடையும். பபிள் டீயில் மென்று மென்று ரசிக்க நினைப்பவருக்கு அது ஏமாற்றம்தான். இன்னொன்று, டப்பாவில் வைத்தால் மறுநாள் அடியில் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரோடு இனிப்பும் கொஞ்சம் வெளியேறிவிடும். வெறும் தண்ணீரில் போட்டு வைத்தால் இன்னும் மோசம், இரண்டு நாளில் சப்பென்று ஆகிவிடும். அதனால் துண்டுகளை இளம் சர்க்கரைப் பாகிலோ அதே பழச்சாற்றிலோ மூழ்க வைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன். மூன்று நான்கு நாள் நன்றாக இருக்கும். ஃப்ரீசரில் மட்டும் வைக்கவே கூடாது. உருகி வரும்போது பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

சரி, ஜெலட்டினுக்கு வருவோம். ருசியைப் பொறுத்தவரை அதற்கு நிகர் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாயின் சூட்டிலேயே இளகுவதால் பழத்தின் வாசனை முழுதாக நாக்கில் இறங்கும். அகர் துண்டைக் கடித்து உடைத்தால்தான் உள்ளே இருக்கும் சாறு தெரியும். ஜெலட்டின் தானாகவே கரைந்து கொடுத்துவிடும். ஆனால் வாயில் இளகுவது கிளாஸிலும் இளகும். 30 டிகிரியைத் தாண்டினாலே அது தளர ஆரம்பிக்கும். ஏசி அறையில், ஐஸ் நிறையப் போட்டு, உடனே குடித்தால் நன்றாக இருக்கும். பேச்சு சுவாரஸ்யத்தில் கிளாஸைக் கீழே வைத்தால் துண்டின் ஓரங்கள் கரைந்து டீயே கொழகொழவென்று ஆகிவிடும். டாப்பிங் நிற்க வேண்டுமென்றால் 500 மி.லி.க்கு 12-லிருந்து 15 கிராம் வரை தேவை. குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, சூடான சாற்றில் கரைத்து, நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கொதிக்கவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய வம்பு பழங்களோடு. வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றின் சாறு ஜெலட்டினை உறையவே விடாது. அவற்றில் புரதத்தை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. ஜெலட்டின் என்பதே விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம்தானே. கறி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. ஒரு முறை அன்னாசி ஜெல்லியை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் தட்டைச் சாய்த்தேன். சாறு சாறாகவே ஓடியது. இஞ்சிச் சாறும் இப்படித்தான் செய்யும். அன்னாசிச் சாற்றைக் கொதிக்கவைத்து ஆற்றிவிட்டால் நொதி செத்துவிடும், ஜெல்லி உறையும். ஆனால் புதுப் பழத்தின் சுறுசுறுப்பும் கூடவே போய்விடும். அகருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது புரதமே அல்ல. அப்புறம், சைவம் சாப்பிடுபவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் வரும் வீட்டில் ஜெலட்டின் பாக்கெட்டை எடுக்கும் முன் கேட்டுக்கொள்வதுதான் முறை.

மூன்றாவது கொன்யாக். பெயர் புதிதாக இருந்தாலும் ஆள் நமக்கு உறவுக்காரர். நம் சேனைக்கிழங்கும் இதுவும் ஒரே பேரினம். ஜப்பானில் குன்மா மாநிலம்தான் இதற்குப் பேர்போன இடம். இந்தக் கிழங்கு மாவோடு காராஜீனன் என்ற பாசிச் சத்தைச் சேர்த்தால் வருகிற ஜெல்லி அகர் மாதிரி உடையாது, ஜெலட்டின் மாதிரி இளகாது. இளநுங்கை வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு, பல்லுக்கு லேசாக எதிர்த்து நிற்குமே, அந்தப் பதம்தான். பபிள் டீ கடையில் கிடைக்கும் அந்த "மெல்லு" வேண்டுமென்றால் வீட்டில் அதற்கு மிக அருகில் வருவது இதுதான்.

கொன்யாக் ஜெல்லி பவுடர் என்று கலந்தே விற்கிறார்கள். அதில் சர்க்கரையும் இருக்கும் என்பதால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத்தான் பின்பற்ற வேண்டும். தனித்தனியாக வாங்கினால் 500 மி.லி.க்கு இரண்டிலும் தலா 2.5 கிராம் வைத்தால் சரியாக வரும். சமையலறைத் தராசு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம், அரை ஸ்பூன் கூடினாலே ரப்பராகிவிடும். மாவைச் சர்க்கரையோடு உலர்ந்தபடியே நன்றாகக் கலந்து, பிறகு தண்ணீரில் தூவிக் கலக்குங்கள். நேரடியாகக் கொட்டினால் வெளியே வழவழ, உள்ளே மாவு என்று கட்டி கட்டியாக நிற்கும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் உடையாது. பத்து நிமிடம் ஊறவிட்டுக் காய்ச்சுங்கள். இறக்கிப் பழச்சாறு சேர்த்ததும் தாமதிக்காமல் தட்டில் ஊற்றிவிட வேண்டும், இது அகரைவிட வேகமாக இறுகும். ஐஸ் டீக்கு இது அருமை. கொதிக்கக் கொதிக்க இருக்கும் டீக்கு வேண்டாம், அங்கே அகர்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கொன்யாக் வாயில் கரையாது. சின்னக் கப்புகளில் வந்த கொன்யாக் ஜெல்லியை உறிஞ்சிய குழந்தைகளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்ட சம்பவங்களால் 2001-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே விட்டது. பபிள் டீ என்பதும் உறிஞ்சிக் குடிப்பதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு இதை ஸ்ட்ராவில் கொடுக்கவே கூடாது. கொஞ்சம் பெரிய பிள்ளை என்றாலும் ஸ்பூனில், பொடியாக நறுக்கி, உட்கார வைத்துக் கொடுங்கள்.

மளிகைக் கடையில் கிடைக்கும் கலர் ஜெல்லி பாக்கெட்டைப் பற்றிக் கேட்பீர்கள். பச்சைப் புள்ளி போட்டவை பெரும்பாலும் காராஜீனன் ஜெல்லிதான். பின்பக்கம் பொருட்பட்டியலில் 407 என்ற எண் இருந்தால் காராஜீனன், 406 என்றால் அகர், 425 என்றால் கொன்யாக். உறையும், வேலை சுலபம். ஆனால் ஸ்ட்ராபெரி என்று எழுதியிருப்பது வெறும் எஸன்ஸ் வாசனை. பழ ஜெல்லி என்று நான் அதைச் சொல்ல மாட்டேன். வாயில் வெடிக்கும் சாற்று முத்துகள் இன்னொரு ஆசை. சோடியம் ஆல்ஜினேட்டும் கால்சியம் லாக்டேட்டும் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கே கொடுக்கலாம், அடிக்கடி செய்கிற வேலையில்லை. தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்துச் செய்யும் நாட்டா டி கோகோ பாட்டிலில் வாங்க வேண்டிய பொருள், வீட்டில் செய்யும் பொருளல்ல.

இந்தப் பட்டியலில் பாதி நம் கடலிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு ராமநாதபுரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும்தான் அகராகின்றன. காராஜீனன் தருகிற கப்பாஃபைகஸ் பாசியை மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்கள். பெப்சி நிறுவனம் தொடங்கி வைத்ததால் ஊரில் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயர். ஆல்ஜினேட்டுக்கான கட்டக்கோரைப் பாசியும் அதே கரையில்தான் கிடைக்கிறது. கடையில் சைனா கிராஸ் என்று எழுதிய பாக்கெட்டை வாங்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்களின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வெட்டும் அளவு முக்கியம். பபிள் டீ ஸ்ட்ராவின் வாய் ஏறக்குறைய 12 மி.மீ. இருக்கும். துண்டு 8 மி.மீ.க்கு மேல் போனால் அடைக்கும். ஜெல்லியை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றிவிட்டுப் பிறகு தவிப்பதைவிட, அகலத் தட்டில் மெல்லிசாக ஊற்றி உறைய வைப்பது நல்லது. இனிப்பும் புளிப்பும் சாற்றில் இருக்க வேண்டியதைவிட ஒரு படி தூக்கலாக இருக்கட்டும். குளிர்ந்த பிறகு நாக்குக்கு இரண்டும் மட்டுப்பட்டுத்தான் தெரியும். ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு, உறைந்ததும் சுவைத்துப் பார்த்துவிடுங்கள்.

பழத்தைப் பார்த்தும் முடிவு மாறும். அன்னாசி, பேஷன் ஃப்ரூட் இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அகர். இந்த ஜெல்லிகளைப் பால் டீயில் போடாதீர்கள், புளிப்பு இறங்கிப் பால் திரியும், கட்டன் டீதான் சரி. லிச்சி, பன்னீர் திராட்சை மாதிரி தெளிந்த சாறு என்றால் கொன்யாக், கண்ணாடி மாதிரி வரும். மாம்பழக் கூழுக்குத்தான் எனக்கு இன்னும் மனம் இரண்டாகப் பிரிகிறது. அகரில் கடி சுத்தமாக இருக்கிறது, கொன்யாக்கில் பழம் கனிந்த மாதிரி இருக்கிறது. போன வாரம் இரண்டையும் ஒரே தட்டில் பாதி பாதி ஊற்றி வீட்டில் கொடுத்தேன். கொன்யாக் பக்கம்தான் முதலில் காலியானது. மிஞ்சிய அகர் துண்டுகளை ராத்திரி சூடான கட்டன் டீயில் போட்டு நானே குடித்தேன். கடைசித் துண்டு வரை முனை மழுங்கவில்லை.